கேள்வி – பதில்: ஆறு ஆட்டங்களுக்கு எத்தனை சீட்டுகள்?

சென்ற இதழில் கால்பந்துப் பந்தயச் சீட்டுகளைப் பற்றிய ஒரு கணக்கைக் குறிப்பிட்டு, அது ஆறு ஆட்டங்களிலேயே தீராமல் நின்றுவிட்டது என்று இரண்டு வரிகளில் எழுதியிருந்தோம். அந்த இரண்டு வரிகளுக்கு இத்தனை கடிதங்கள் வந்தது மகிழ்ச்சியளிக்கிறது. வந்தவற்றில் ஒன்றையொன்று தொடரும் கேள்விகளைத் தேர்ந்தெடுத்து, இந்த இதழ் முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

ஐயா, அந்தக் கணக்கு சரியாக என்ன கேட்கிறது? பத்தாம் வகுப்பு மாணவர்களுக்குக் கரும்பலகையில் போட்டுக் காட்டும் அளவில் ஒரு சிறிய எடுத்துக்காட்டுத் தர முடியுமா?
— கணித ஆசிரியை, காரைக்குடி

தாராளமாகத் தரலாம். பிரிட்டன், பின்லாந்து போன்ற நாடுகளில் நடக்கும் கால்பந்துப் பந்தயத்தில், ஒவ்வோர் ஆட்டத்துக்கும் மூன்று முடிவுகளில் ஒன்றைச் சீட்டில் குறிக்க வேண்டும். சொந்த மைதானத்தில் ஆடும் அணி வென்றால் 1, வெளியூர் அணி வென்றால் 2, சமநிலை என்றால் 0 என்று வைத்துக்கொள்வோம். எல்லா ஆட்டங்களையும் சரியாகச் சொன்னால் முதல் பரிசு; ஒரே ஒரு தவறு இருந்தால் அதற்கு அடுத்த பரிசு. ஆட்டங்கள் எப்படி முடிந்தாலும், நம் கையில் உள்ள சீட்டுகளில் ஒன்றிலாவது ஒன்றுக்கு மேல் தவறு இருக்கக் கூடாது என்றால், குறைந்தபட்சம் எத்தனை சீட்டுகள் வாங்க வேண்டும் என்பதே கேள்வி. இந்த நிபந்தனையை நிறைவு செய்யும் சீட்டுத் தொகுப்பைச் சேர்வியல் கணிதத்தில் கவரிங் கோட், அதாவது மூடுதொகுப்பு, என்பார்கள்.

மூன்று ஆட்டங்களை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 27 முடிவுகள் சாத்தியம். ஒரு சீட்டு, தன்னோடு முழுதும் ஒத்துப்போகும் ஒரு முடிவையும், ஓர் ஆட்டத்தில் மட்டும் மாறுபடும் 6 முடிவுகளையும் சேர்த்து 7 முடிவுகளை மூடுகிறது. 3 சீட்டுகள் 21 முடிவுகளுக்கு மேல் மூட முடியாது. ஆகவே 4 சீட்டுகளாவது வேண்டும். ஆனால் 4 போதுமா? போதாது, அதை மாணவர்களே நிறுவிவிடலாம். நான்கு சீட்டுகளில் முதல் ஆட்டத்துக்கு 0, 1, 2 ஆகிய மூன்று குறிகள் பகிரப்படும்போது, ஏதாவது ஒரு குறி ஒரு சீட்டுக்கு மேல் இடம்பெறாமல் இருந்தாக வேண்டும். முதல் ஆட்டம் அந்தக் குறிப்படியே முடிகிறது என்று வைத்தால், மீதி இரண்டு ஆட்டங்களுக்கு 9 முடிவுகள் உள்ளன. அந்தக் குறியைக் கொண்ட ஒற்றைச் சீட்டு அவற்றில் 5-ஐ மூடும். மற்ற மூன்று சீட்டுகளும் முதல் ஆட்டத்திலேயே தங்கள் ஒரு தவறைச் செலவழித்துவிட்டதால், தலைக்கு ஒரு முடிவை மட்டுமே மூடும். ஐந்தும் மூன்றும் எட்டு. ஒன்பதாவது முடிவு வெளியே நின்றுவிடுகிறது.

ஐந்து சீட்டுகள் போதும். அவை 000, 112, 121, 211, 222. ஏன் போதும் என்பதுதான் எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த சிறு வாதம். மூன்று ஆட்டங்களில் குறைந்தது இரண்டு சமநிலையாக இருக்க வேண்டும், இல்லையென்றால் குறைந்தது இரண்டில் ஏதோ ஓர் அணி வென்றிருக்க வேண்டும். இரண்டு சமநிலை என்றால் 000 என்ற சீட்டில் ஒரு தவறுக்கு மேல் வராது. இரண்டில் வெற்றி என்றால், மீதி நான்கு சீட்டுகளைப் பாருங்கள்: எந்த இரண்டு ஆட்டங்களை எடுத்தாலும் 11, 12, 21, 22 ஆகிய நான்கு இணைகளும் அவற்றுள் தலா ஒருமுறை வருகின்றன. ஆகவே அந்த இரண்டு ஆட்டங்களையும் சரியாகச் சொன்ன சீட்டு ஒன்று நிச்சயம் இருக்கும்.

நான்கு ஆட்டங்களுக்கு 9 சீட்டுகள், ஐந்துக்கு 27 என்று விடை தெரிந்திருக்கும்போது, ஆறுக்கு மட்டும் என்ன தடை? 729 முடிவுகள் என்பது இன்றைய கணினிக்கு ஒரு பொருட்டா?
— ஓய்வுபெற்ற பொறியாளர், கோயம்புத்தூர்

நான்கு ஆட்டங்களில் ஒரு சீட்டு 9 முடிவுகளை மூடுகிறது. மொத்தம் 81 முடிவுகள். 81-ஐ 9 ஆல் வகுத்தால் மீதியின்றி 9. வகுபட்டுவிட்டது என்பதாலேயே அப்படியொரு தொகுப்பு இருந்துவிடாது. ஆனால் இங்கே இருக்கிறது. முதல் இரண்டு குறிகளை விருப்பம்போல் எடுத்துக்கொண்டு, மூன்றாவதை அவற்றின் கூட்டலாகவும், நான்காவதை முதலாவதோடு இரண்டாவதன் இருமடங்கைக் கூட்டியதாகவும் வைத்து, மூன்றால் வகுத்த மீதியை எழுதினால் 0000, 0112, 0221, 1011, 1120, 1202, 2022, 2101, 2210 என்ற ஒன்பதும் வந்துவிடும். எந்த முடிவும் இருமுறை மூடப்படுவதில்லை. ஒரு தவறுக்குள் இவ்வளவு கச்சிதமாக அமையும் அடுத்த ஆட்ட எண்ணிக்கை 13; அதற்கு 59,049 சீட்டுகள். இடைப்பட்ட எண்களில் இந்த ஒழுங்கு கிடையாது, அங்கேதான் சிரமம் தொடங்குகிறது. ஐந்து ஆட்டங்களுக்கு 27-க்குக் குறையாது என்பதையே 1967-இல் காம்ப்ஸ், வான் லின்ட் ஆகிய இருவரும் ஒரு முழுக் கட்டுரை எழுதித்தான் நிறுவ வேண்டியிருந்தது.

ஆறு ஆட்டங்களில் ஒரு சீட்டு 13 முடிவுகளை மூடும். 729-ஐ 13 ஆல் வகுத்தால் 56-க்குச் சற்று மேல். ஆகவே 57 சீட்டுகளாவது வேண்டும். மறுபக்கம், ஐந்து ஆட்டங்களுக்கான 27 சீட்டுகளை ஆறாவது ஆட்டத்தின் மூன்று குறிகளோடும் எழுதினால் 81 சீட்டுகளில் வேலை முடிந்துவிடும். இந்த 81 என்ற மேல்வரம்பு 1983-இல் 79 ஆனது, 1987-இல் 74 ஆனது, 1989-இல் 73 ஆனது. அங்கேயே நிற்கிறது. கீழ்வரம்பு இப்போது 71. ஆக, விடை 71, 72, 73 ஆகிய மூன்றில் ஒன்று.

729 என்பது சிறிய எண்தான். ஆனால் 729 சீட்டுகளிலிருந்து 73-ஐத் தேர்ந்தெடுக்கும் வழிகளின் எண்ணிக்கையை எழுதினால் அது நூறு இலக்கங்களைத் தாண்டும். ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை.

உலோகத்தைக் குளிரவைப்பது போன்ற ஒரு முறையால் 73 கண்டுபிடிக்கப்பட்டதாகப் படித்தேன். பகடை உருட்டுவது போல் தற்செயலை நம்பித் தேடும் ஒரு நிரல் தரும் விடையை எப்படிக் கணிதம் என்று ஏற்கிறார்கள்?
— கணினி அறிவியல் மாணவி, திருச்சி

உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதி முக்கியமானது. அதற்கு வருவதற்கு முன், தேடல் எப்படி நடக்கிறது என்பதைப் பார்த்துவிடுவோம்.

யாருக்கும் முதலில் தோன்றும் முறை பேராசை முறை: ஒவ்வொரு கட்டத்திலும், இதுவரை மூடப்படாத முடிவுகளில் மிக அதிகமானவற்றை மூடும் சீட்டைச் சேர்த்துக்கொண்டே போவது. இந்த முறை எவ்வளவு மோசமாகப் போனாலும் ஓர் எல்லையைத் தாண்டாது என்று லோவாஸ் 1975-இல் நிறுவிய ஒரு தேற்றம் சொல்கிறது. ஆறு ஆட்டங்களுக்கு அந்த எல்லை சுமார் 200 சீட்டுகள். பெரிய கணக்குகளில் இந்த உறுதி பயனுள்ளது. 73-க்கும் 72-க்கும் இடையே போராடுகிறவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

ஆகவே வேறு வழியில் தொடங்குகிறார்கள். சீட்டுகளின் எண்ணிக்கையை முதலிலேயே முடிவு செய்துவிடுவது; 73 என்று வைப்போம். 73 சீட்டுகளையும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தால், சராசரியாக 200-க்குச் சற்றுக் குறைவான முடிவுகள் மூடப்படாமல் நிற்கும். அந்த எண்ணிக்கைதான் செலவு. அதைச் சுழியத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஒவ்வொரு படியிலும் ஏதோ ஒரு சீட்டில் ஓர் ஆட்டத்தின் குறியை மட்டும் மாற்றிப் பார்க்கிறோம். மாற்றுவதற்கு முன்பு அந்தச் சீட்டு மூடிய 13 முடிவுகளில் 3 அப்படியே இருக்கும், 10 கைவிட்டுப் போகும், புதிதாக 10 வந்து சேரும். எனவே ஒவ்வொரு முடிவையும் எத்தனை சீட்டுகள் மூடுகின்றன என்ற பட்டியலை வைத்திருந்தால், ஒரு படிக்கு 20 எண்களை மட்டுமே திருத்த வேண்டியிருக்கும். ஒரு நொடியில் லட்சக்கணக்கான படிகளை எடுத்து வைக்க முடிவதற்கு இந்தச் சிக்கனமே காரணம்.

செலவைக் குறைக்கும் மாற்றங்களை மட்டுமே ஏற்றுக்கொண்டால், நாலைந்து முடிவுகள் எஞ்சியிருக்கும் ஓர் இடத்தில் நிரல் சிக்கிக்கொள்ளும். எந்த ஒற்றை மாற்றமும் நிலைமையை மேம்படுத்தாது. இதிலிருந்து தப்பிக்கத்தான் சிமுலேட்டட் அனீலிங் என்ற முறை வருகிறது. காய்ச்சிய உலோகத்தை மெதுவாக ஆறவிட்டால் அதன் அணுக்கள் ஒழுங்கான அமைப்பில் படியும். திடீரென்று குளிரவைத்தால் குறைபாடுகளோடு உறைந்துவிடும். இந்த இயற்பியலை 1953-இல் மெட்ரோபொலிசும் அவருடைய குழுவினரும் கணினிக் கணக்காக்கினார்கள். 1983-இல் கிர்க்பாட்ரிக், கெலட், வெக்கி ஆகியோர் அதைப் பொதுவான தேடல் முறையாக மாற்றினார்கள். செலவைக் கூட்டும் மாற்றத்தையும் ஒரு நிகழ்தகவோடு ஏற்றுக்கொள்ள வேண்டும். வெப்பம் என்று பெயரிட்ட ஓர் எண் பெரிதாக இருக்கும்போது அந்த நிகழ்தகவும் பெரிதாக இருக்கும், எண்ணைச் சிறுகச் சிறுகக் குறைத்துக்கொண்டே வர அதுவும் குறையும். வில்லே 1987-இல் இந்த முறையால்தான் 74-ஐ எட்டினார். இரண்டாண்டுகள் கழித்து வான் லார்ஹோவன், ஆர்ட்ஸ், வான் லின்ட் ஆகியோருடன் அவர் சேர்ந்து எழுதிய கட்டுரை ஆறு ஆட்டங்களுக்கு 73, ஏழுக்கு 186, எட்டுக்கு 486 என்ற மூன்று வரம்புகளையும் ஒருசேரத் தந்தது.

இன்னொரு முறை டாபு தேடல். குளோவர் 1986-இல் முன்வைத்த இந்த முறையை மூடுதொகுப்புகளுக்கு ஏற்றபடி செப்பனிட்டவர் பின்லாந்தின் ஒஸ்டர்கார்ட். மூடப்படாத ஒரு முடிவை எடுத்துக்கொண்டு, அதை மூடக்கூடிய மாற்றங்களை மட்டும் பரிசீலித்து, அவற்றில் சிறந்ததை, அது செலவைக் கூட்டினாலும், செய்துவிட வேண்டும். அண்மையில் செய்த மாற்றங்களைத் திரும்பச் செய்யச் சிறிது காலம் தடை உண்டு. தடை இல்லாவிட்டால் நிரல் முன்னும் பின்னுமாக இரண்டு நிலைகளுக்கு இடையே ஆடிக்கொண்டே இருக்கும். என் மதிப்பீட்டில், மூடுதொகுப்புக் கணக்குகளுக்கு இதுவே அனீலிங்கைவிடப் பொருத்தமானது. எந்த முடிவு வெளியே நிற்கிறதோ அதை நேராகப் போய்த் தொடுகிறது.

எந்த முறையானாலும், ஆட்டங்கள் கூடக்கூட வெறும் தேடல் திணறிவிடும். அப்போது தொகுப்பின் மேல் ஓர் ஒழுங்கைத் திணிக்கிறார்கள். ஒரு சீட்டு தொகுப்பில் இருந்தால், அதன் எல்லாக் குறிகளோடும் 1-ஐக் கூட்டி மூன்றால் வகுத்த மீதியும் தொகுப்பில் இருக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்தால், 729 சீட்டுகள் மும்மூன்றாக 243 குழுக்களாகிவிடும்; தேடல் வெளி பெருமளவு சுருங்கும். இதற்கு விலையும் உண்டு: அந்த ஒழுங்கு இல்லாத நல்ல தொகுப்பு ஒன்று இருந்தால் அது கண்ணில் படவே படாது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். 73 சீட்டுகளின் பட்டியல் கையில் வந்த பிறகு, அது எப்படி வந்தது என்பதற்கும் அது சரியா என்பதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. 729 முடிவுகளையும் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அதை மூடும் சீட்டைக் குறித்துவிட்டால் நிறுவல் முடிந்தது. பொறுமை உள்ள ஒருவர் ஒரு நாளில் கையாலேயே செய்துவிடக்கூடிய வேலை அது. தற்செயலின் பங்கு கண்டுபிடிப்பதோடு முடிந்துவிடுகிறது; கண்டுபிடித்த பொருள் முழுமையான கணிதச் சான்று. ஆனால் நிரல் 72-க்குத் தோற்றது என்றால், அதிலிருந்து எதையும் முடிவு செய்ய முடியாது. தேடல் உத்திகள் மேல்வரம்பை மட்டுமே தரும். கீழ்வரம்பைப் பற்றி அவற்றுக்கு வாயே கிடையாது.

அப்படியென்றால் 71-க்குக் குறையாது என்பதை யார், எப்படி நிறுவினார்கள்?
— வாசகர், யாழ்ப்பாணம்

காரைக்குடி ஆசிரியைக்குச் சொன்ன வாதத்தையே பெரிதாக்கிப் பார்க்கலாம். ஆறு ஆட்டங்களுக்கு 72 சீட்டுகள் போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஆட்டம் சமநிலையில் முடியும் 243 முடிவுகளை மட்டும் எடுத்தால், சமநிலை என்று குறித்த சீட்டு ஒவ்வொன்றும் அவற்றில் 11-ஐ மூடும். மற்றச் சீட்டு ஒவ்வொன்றும் 1-ஐ மட்டுமே மூடும். சமநிலை குறித்தவை 17 என்றால், 187-உம் 55-உம் சேர்ந்து 242 தான் ஆகிறது, ஒன்று குறைகிறது. ஆகவே எந்த ஆட்டத்தின் எந்தக் குறியும் குறைந்தது 18 சீட்டுகளில் இருந்தாக வேண்டும். இப்படிப்பட்ட நிபந்தனைகள் பலவற்றைச் சேர்த்து, தொகுப்பு எப்படி இருக்க முடியும் என்ற வாய்ப்புகளை ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டே போக வேண்டும்.

இதைக் கணினியில் முழு எண் நிரலாக்கமாக, அதாவது மாறிகள் முழு எண்களாகவே இருக்க வேண்டிய ஒரு கணக்காக, எழுதினால், 0 அல்லது 1 என்ற மதிப்புடைய 729 மாறிகளும் 729 நிபந்தனைகளும் வரும். பின்ன மதிப்புகளை அனுமதித்தால் ஒவ்வொரு சீட்டிலும் பதின்மூன்றில் ஒரு பங்கு என்ற பயனற்ற விடையே கிடைக்கும். கீழ்வரம்பு மறுபடியும் 56-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். போதாக்குறைக்கு, ஆட்டங்களின் வரிசையையும் ஒவ்வோர் ஆட்டத்தின் குறிகளையும் இடம் மாற்றும் 3,35,92,320 வழிகளால், ஒரே தொகுப்பு வெவ்வேறு வேடங்களில் திரும்பத் திரும்ப வந்து கணினியின் நேரத்தைத் தின்னும். ஒஸ்டர்கார்டும் வாசர்மனும் 2002-இல் 65 என்று நிறுவினார்கள். பிறகு லிண்டரொத், மார்கோ, தெய்ன் ஆகிய மூவரும் இந்தச் சமச்சீர்களை முறையாகக் களைந்து, சும்மா கிடந்த ஏராளமான கணினிகளின் நேரத்தைத் திரட்டி, ஒரே கணினியில் ஓட்டினால் 140 ஆண்டுகளுக்கு மேல் ஆகக்கூடிய கணக்கைச் செய்து, 65-ஐ 71-க்கு உயர்த்தினார்கள். அந்தக் கட்டுரை 2009-இல் வெளியானது. ஆறு எண்கள் உயர்த்த 140 ஆண்டுகளின் கணக்கு தேவைப்பட்டது என்பதிலிருந்தே, இல்லை என்று நிறுவுவது எப்படிப்பட்ட உழைப்பு என்று ஊகித்துக்கொள்ளலாம்.

கணித அறிஞர்களுக்கு முன்பே ஒரு பந்தயப் பத்திரிகையில் இத்தகைய தொகுப்பு ஒன்று வெளியானது என்கிறார்களே, உண்மையா?
— வாசகர், மதுரை

உண்மைதான். 1947-இல் பின்லாந்தின் 'வெய்க்காஜா' என்ற கால்பந்துப் பந்தயப் பத்திரிகையில் யுஹானி விர்டாகல்லியோ என்பவர் 11 ஆட்டங்களுக்கு 729 சீட்டுகள் கொண்ட ஒரு முறையை வெளியிட்டார். ஆட்டங்கள் எப்படி முடிந்தாலும் அந்தச் சீட்டுகளில் ஒன்றில் இரண்டு தவறுகளுக்கு மேல் இராது. ஒரு சீட்டு அங்கே 1, 22, 220 சேர்ந்து 243 முடிவுகளை மூடுகிறது. 1,77,147 முடிவுகளை 243 ஆல் வகுத்தால் மீதியின்றி 729. தகவல் தொடர்பில் பிழை திருத்துவதற்காக மார்சல் கோலே 1949-இல் ஒரு பக்கக் குறிப்பில் வெளியிட்டு, இன்று அவர் பெயராலேயே வழங்கும் மும்மைக் குறித்தொகுப்பு இதுவேதான். இருவரும் ஒருவரையொருவர் அறியாமல், வெவ்வேறு தேவைக்காக அதே பொருளை அடைந்திருக்கிறார்கள். பாடநூல்களில் விர்டாகல்லியோவின் பெயரும் இடம்பெற வேண்டும் என்பதே என் எண்ணம்.

இதை வைத்துப் பந்தயத்தில் பணம் சம்பாதிக்க முடியுமா? முடியாதென்றால் இதனால் யாருக்கு என்ன பயன்?
— வாசகர், புதுச்சேரி

முடியாது. தொகுப்பு உறுதியளிப்பது ஒரு சீட்டின் தவறுகளுக்கான எல்லையைத்தான், இலாபத்தை அல்ல. சீட்டுகளை எப்படிக் கோத்தாலும் ஒவ்வொரு சீட்டும் சராசரியாகத் தரக்கூடிய வரவு கூடுவதில்லை.

பயன் வேறிடத்தில் இருக்கிறது. ஒரு டிஜிட்டல் படத்துக்குள் செய்தியை மறைத்துவைப்பதை எடுத்துக்கொள்வோம். அதன் 7 புள்ளிகளின் நிற மதிப்புகளை இரும எண்களாக எழுதும்போது கடைசியில் நிற்கும் பிட்டுகள் 0110010 என்றிருக்கின்றன. 1 உள்ள இடங்கள் 2, 3, 6. அவற்றை இரும எண்களாக ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினால் 010, 011, 110. நெடுவரிசைக்கு நெடுவரிசை, 1-களின் எண்ணிக்கை ஒற்றைப்படையானால் 1, இரட்டைப்படையானால் 0 என்று எழுதினால் 111 கிடைக்கும். நாம் மறைக்க விரும்பும் செய்தி 101. இரண்டும் மாறுபடும் நெடுவரிசைகளில் 1 என்று குறித்தால் 010, அதாவது 2. இரண்டாம் பிட்டை மட்டும் 0 ஆக்கினால் எஞ்சும் 3, 6 ஆகியவற்றிலிருந்து 101 வந்துவிடுகிறது. எந்த 3 பிட் செய்தியானாலும், 7 பிட்டுகளில் ஒன்றுக்கு மேல் தொட வேண்டியதில்லை. ஏனெனில் 7 பிட் நீளமுள்ள 128 சொற்களையும் 16 சொற்கள் ஒரு பிட் தூரத்துக்குள் முழுதாக மூடிவிடுகின்றன. 2001-இல் வெஸ்ட்ஃபெல்ட் உருவாக்கிய எஃப்5 என்ற மறைப்பு முறை இதே அடிப்படையில் இயங்குகிறது.

72 சீட்டுகளை நானே தேடிப் பார்க்க விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்குவது?
— பொறியியல் கல்லூரி மாணவர், சேலம்

நேரே 72-க்குப் போகாதீர்கள். மூன்று ஆட்டங்களுக்கு 5, நான்குக்கு 9 ஆகியவற்றை உங்கள் நிரல் நொடியில் தருகிறதா என்று பாருங்கள். பிறகு ஐந்துக்கு 27 கொடுங்கள். கிடைத்த தொகுப்பைச் சரிபார்க்க, தேடும் நிரலின் எந்தப் பகுதியையும் பயன்படுத்தாத தனி நிரல் ஒன்றை எழுதிக்கொள்ளுங்கள். எண்ணிக்கைப் பட்டியலில் ஒரு சிறு பிழை இருந்தாலும் தேடும் நிரல் இல்லாத வெற்றியை அறிவித்துவிடும். ஆறு ஆட்டங்களுக்கு 75, 74, 73 என்று படிப்படியாக இறங்குங்கள். வெப்பத்தைக் குறைக்கும் வேகத்தைச் சரிசெய்ய இந்த மூன்றுமே நல்ல பயிற்சி.

அதற்கு நடுவே ஒரு சோதனையையும் செய்து பாருங்கள். ஐந்து ஆட்டங்களுக்கு 26 சீட்டுகள் கொடுத்து நிரலை இரவு முழுதும் ஓடவிடுங்கள். 26-ஆல் முடியாது என்பது 1967 முதல் நிறுவப்பட்ட உண்மை. உங்கள் நிரலுக்கு அது தெரியாது. ஒருசில முடிவுகள் மட்டும் எஞ்ச, அது அடுத்த படியில் கிடைத்துவிடும் என்பது போலவே காலைவரை தேடிக்கொண்டிருக்கும். அந்த ஓட்டத்தின் பதிவையும், 72-க்கான ஓட்டத்தின் பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். இரண்டாவது ஓட்டத்தின் செலவு ஒருமுறை சுழியத்தைத் தொட்டால் போதும், அந்த 72 வரிகளையும் அப்படியே எங்களுக்கு அனுப்பிவையுங்கள். 729 முடிவுகளையும் நாங்களும் தனியாகச் சரிபார்த்து, அடுத்த இதழிலேயே முழுப் பட்டியலையும் அச்சிடுகிறோம்.